ஐந்தாம் இடத்துக்காகக் கத்தியவர்

மடவளை ஹாஜியாரின் அணியை இந்த வருட மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று, பந்தயத்தை நடத்தும் எங்கள் வட்ஸ்அப் குழுவில் அடித்துக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது: அறிவிப்பாளர் செல்வராஜ் அண்ணன் காலமானார். சண்டை அப்படியே நின்றது. அவர் இருந்திருந்தால் எங்கள் எல்லோரையும் கிழித்திருப்பார்.

அவர் குரலைக் கேட்ட உங்களுக்குத் தெரியும். கடுகண்ணாவையில் டயர் கடை. எங்கள் மோட்டார் சைக்கிள் பந்தயத்தன்று மட்டும் கையில் மைக். ஹாஜியாரின் பையன்கள் வருடா வருடம் வெல்வார்கள். பாதிப் பந்தயத்திலேயே சனம் எழுந்து பஸ்ஸுக்கு நடக்கும். சனம் போனால் பந்தயமும் போய்விடும்.

ஒருமுறை அப்படி எழுந்தவர்களைப் பார்த்து அண்ணன் கத்தினார்: "அட, ஒக்காருங்கய்யா! முன்னால போறவரு வீட்டுக்குப் போறாரு, விடுங்க. அஞ்சாவது எடத்துக்கு இங்க வெட்டுக்குத்தே நடக்குது!" நடந்தது என்னவோ, இரண்டு பேர் சேற்றில் விழுந்து ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்ததுதான். ஆனால் சனம் உட்கார்ந்தது. ஐந்தாவதாக வந்தவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். வென்றவன் கோப்பையோடு தனியாக நின்றான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் இதே கூத்துத்தான்.

ஹாஜியாருக்குப் பொறுக்கவில்லை. "முன்னுக்குப் போறது என்ட புள்ள, செல்வராஜ். ஒரு தரமாவது பேரச் செல்லுங்களே!"

"நீங்க ஜெயிக்கிறது எல்லாருக்கும் தெரியும் ஹாஜியார். தெரிஞ்சத சொல்ல மைக் எதுக்கு?"

அந்த அணியைத் தடை செய்யலாம் என்று நான் வாயைத் திறந்தபோது என் மேல் பாய்ந்தார். "நல்லா ஓட்டுறவன வெளிய தள்ளிட்டு அப்பறம் என்னடா பந்தயம்? சனத்த ஒக்கார வைக்கிறது என் வேல. நீ பொத்திக்கிட்டு இரு."

மரண வீட்டுக்கு ஹாஜியாரும் வந்திருந்தார். அண்ணனின் மனைவி பாக்கியம் அக்கா அவரைக் கண்டதும் அழுதுகொண்டே சொன்னார்: "ஒங்க பசங்கன்னா இவருக்கு உசுருங்க. அவங்கதான் ஜெயிக்கணும்னு கோயில்ல தேங்கா ஒடைச்சிட்டுத்தான் பந்தயத்துக்கே போவாரு."

ஹாஜியார் ஒரு கதிரையைத் தேடி உட்கார்ந்தார். "என்ன மனிசன் இவரு!" என்றார், கண்ணைத் துடைத்தபடி. "எனக்கிட்டயாவது செல்லியிருக்கலாமே."

தடைப் பேச்சு அன்றோடு முடிந்தது. இந்த வருடம் மைக் என் கையில். தனக்குப் பிடித்தவன் முன்னால் பறந்துகொண்டிருக்க, சேற்றில் கிடந்தவர்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தினாரே, அவரிடமிருந்து அந்தக் கத்தலை நான் எடுத்துக்கொள்கிறேன். தேங்காய் உடைக்கத்தான் ஹாஜியாருக்கு இனி ஆளில்லை.