பாகம் பிரித்தவனின் வோட்டு

எங்கள் தொகுதியில் யார் எப்போது நின்றார்கள், யார் யாரைத் தோற்கடித்தார்கள் என்பதை விவரம் தெரிந்தவர்கள் எழுதட்டும். எனக்குத் தெரிந்த சரித்திரம் வேறு. மகாராஜா காலத்தில், திருவனந்தபுரத்துச் சபைக்கு நடந்த தேர்தல்களில் ஒன்று விடாமல் தொண்டை கிழியக் கத்தியும், ஒரு தடவைகூட வோட்டுப் போடாத ஆள் நான். இந்த விஷயத்தில் பூதப்பாண்டி வட்டாரத்தில் எனக்குப் போட்டி கிடையாது.

அப்போது வோட்டு என்பது எல்லாருக்கும் உள்ள பொருள் அல்ல. வயலுக்கு இவ்வளவு தீர்வை கட்டுகிறவனுக்குத்தான் வோட்டு. எங்கள் வீட்டிலோ மருமக்கள்வழி; அதாவது சொத்து மகனுக்கு இல்லை, சகோதரி பிள்ளைகளுக்கு. சொத்து முழுவதும் குடும்பத்துக்குப் பொது; ஆனால் பட்டா மூத்த மாமா பேரில். குடும்பத்தை ஆளும் காரணவர் அவர்தான். தீர்வை கட்டுகிறவர் அவர், ஆகவே வோட்டும் அவருக்கு. மருமகன்களான நாங்கள் தின்று, தூங்கி, பத்திரிகை படித்து வளர்ந்தோம். பத்திரிகை படித்தது நான் மட்டும்தான் என்பதால் என் கர்வத்துக்கு அளவில்லை. இண்டர்மீடியட்டில் தோற்றிருந்தேன் என்பது அந்தக் கர்வத்தைக் கொஞ்சமும் குறைக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கத்தில் ஒரு தேர்தல். தேர்தலில் நின்ற பெரிய வயற்காரர் ஒருவர் வில்வண்டியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமாவுக்கு எதிரே உட்கார்ந்து, வயல், தண்ணீர், மழை என்று எல்லாம் விசாரித்துவிட்டு வோட்டுக் கேட்டார். நான் தூணோரம் நின்றுகொண்டிருந்தேன். ஜனப்பிரதிநிதி சபை என்றால் என்ன என்று ஒரு நல்ல வாக்கியம் என்னிடம் தயாராக இருந்தது. அதை ஆரம்பித்தேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

"இவன் யாரு?"

"நம்ம மருமகனாக்கும். வாய் மட்டும் உண்டு" என்றார் மாமா. பிறகு என்னிடம், "ஏலே, அந்த வெத்தலைச் செல்லத்தை எடுத்துட்டு வா" என்றார்.

வெற்றிலைப் பெட்டியை எடுத்துவந்து வைத்தேன். என்றைக்காவது ஒரு நாள் இதே மனுஷன் என் வீட்டு முற்றத்தில் வந்து நின்று என்னிடம் வோட்டுக் கேட்க வேண்டும் என்று அன்றே தீர்மானித்தேன். அதற்குப் பிறகு நான் செய்த பொதுத்தொண்டு எல்லாவற்றுக்கும் வேர் அந்த வெற்றிலைச் செல்லம்தான். தேசம், சமுதாயம் என்றெல்லாம் மேடையில் சொன்னது சும்மா.

அந்தச் சமயத்தில்தான் மருமக்கள்வழி ஒழிய வேண்டும், குடும்பச் சொத்தைப் பாகம் பிரிக்க வேண்டும் என்று எங்கள் ஆட்களிடையே கிளர்ச்சி. நான் குதித்துவிட்டேன். கோயில் வாசல், சந்தை முக்கு, கல்யாணப் பந்தல் என்று கூட்டம் எங்கே கூடினாலும் அங்கே என் குரல் கேட்கும். "காரணவர்களின் கொடுங்கோன்மை" என்று நான் முழங்குவேன். முழங்கிவிட்டு வீட்டுக்குப் போய்க் கொடுங்கோலர் அளந்து கொடுத்த அரிசியில் சாப்பிடுவேன். மாமா கோபிக்கமாட்டார். "தொண்டை கெட்டுப்போவும், சுக்குக் காப்பி குடி" என்பார். அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கும்.

கடைசியில் சட்டம் வந்தது. பாகமும் வந்தது. குடும்பத்தில் ஆளுக்கு ஒரு பங்கு. கைக்குழந்தைக்கும் ஒன்று, காரணவருக்கும் ஒன்று. என் பங்குக்குக் குளத்தடியில் ஒரு துண்டு வயலும் நாலு மூடு தென்னையும் கிடைத்தன. வரப்பில் நின்று பார்த்தபோது நான் ஒரு சிற்றரசன் என்று நினைத்தேன்.

அடுத்த தேர்தல் அறிவிப்பு வந்ததும் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு பார்வத்தியக்காரரிடம் போனேன். கிராமத்துத் தீர்வைக் கணக்கு முழுவதும் அவர் கையில்.

"உமக்கு வோட்டு இல்லவே. வோட்டுக்கு உள்ள அளவுக்குத் தீர்வை தெகையல்லே" என்றார்.

"மாமாவுக்கு?"

"அவருக்கும் தெகையல்லே. ஒம்ம குடும்பத்துல ஒருத்தருக்கும் இல்லே. நீருதானே பாகம் வேணும்னு நின்னீரு?"

குடும்பத்தில் இருந்ததே ஒரு வோட்டு. அதையும் நான் துண்டு துண்டாக நறுக்கி, எவருக்கும் பிரயோசனம் இல்லாமல் செய்துவிட்டிருக்கிறேன். மாமாவிடம் போய்ச் சொன்னபோது அவர் நெடுநேரம் சிரித்தார். இருமல் வந்த பிறகும் சிரித்தார். ஆனால் பார்வத்தியக்காரர் சொன்னதை மாமாவிடம் நான் முழுதாகச் சொல்லவில்லை. நான் புறப்பட எழுந்தபோது பார்வத்தியக்காரர் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: "ஒம்ம வீட்டுக்காரிக்கு வோட்டு உண்டும் கேட்டீரா."

விஷயம் இதுதான். என் மனைவிக்கு அவளுடைய தாய்வீட்டில் பாகம் நடந்திருந்தது. மருமக்கள்வழிக் கணக்கில் பிள்ளைகள் அம்மாவின் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். ஆக, அவளுக்கு ஒரு பங்கு, எங்கள் ஐந்து பிள்ளைகளுக்கும் ஐந்து பங்கு. பிள்ளைகள் சிறுசுகள் என்பதால் எல்லாம் சேர்த்து அவள் பேரில் ஒரே பட்டா. ஒற்றைப் பங்குக்காரனாகிய நான் சபைச் சீர்திருத்தம் பற்றிப் பேசித் திரிந்த காலத்தில், அவள் சத்தமில்லாமல் அடுக்களையில் இருந்தபடியே வோட்டர் ஆகிவிட்டாள்.

இரண்டு நாள் நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு மனசைத் தேற்றிக்கொண்டேன். பட்டா யார் பேரில் இருந்தால் என்ன, வோட்டு என் வீட்டில்தானே இருக்கிறது?

அந்த முறை என் சிநேகிதரான ஒரு வக்கீல் நின்றார். அவருக்காகத் தாழக்குடி, தெரிசனங்கோப்பு என்று வெயிலில் அலைந்தேன். எங்கள் ஊருக்கு வந்தபோது வக்கீல், "உங்க வீட்டுக்கும் ஒரு நடை வந்துட்டுப் போறேன்" என்றார். "நம்ம வீட்டுக்கு எதுக்கு? அந்த வோட்டு பெட்டியில விழுந்தாச்சுன்னு வச்சுக்கிடுங்க" என்றேன்.

எதிரே நின்றவர் அதே பெரிய வயற்காரர். இப்போது கார் வைத்திருந்தார். ஒரு மத்தியானம் அந்தக் கார் என் வீட்டு வாசலில் வந்து நின்றது. எத்தனை வருஷம் காத்திருந்த காட்சி! அவசரமாகச் சட்டையை மாட்டினேன். நாற்காலியை இழுத்துப் போட்டேன். மரியாதையாகவும் கடுமையாகவும் மறுப்பதற்கு வாக்கியம் தயார்.

அவர் வந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "வீட்டுல அம்மை உண்டுமா?" என்றார்.

"என்ன காரியம்?"

"வோட்டுக் காரியமாக்கும். கொஞ்சம் கூப்பிடும்."

கூப்பிட்டேன். வேறு என்ன செய்ய? என் மனைவி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கதவோரம் வந்தாள். அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். நின்றுகொண்டே, "மக்கா, ஒனக்கு ஊருல என்ன குறை? சொல்லு" என்று கேட்டார்.

அவள் ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினாள். "ஆத்துல பெண்டுவ குளிக்க படித்துறை இடிஞ்சு கெடக்கு. மழைக்காலத்துல பிள்ளையளைக் கொண்டுபோவப் பயமா இருக்கு" என்றாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சபைக்குப் பொறுப்பான ஆட்சி கேட்கவேண்டிய இடத்தில் படித்துறையா? நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மேல்துறையா, கீழ்த்துறையா, எத்தனை படி போயிருக்கிறது என்று விசாரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார். நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன். (படித்துறை அவர் சபையில் இருந்த காலத்தில் கட்டப்படவேயில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வேறு ஆறுதல் இல்லை.)

தேர்தலன்று நானே வண்டி பிடித்து அவளை அழைத்துப்போனேன். வோட்டுப் போடும் சர்க்கார் கச்சேரி வாசலில் சேவகன் கையை நீட்டி மறித்தான். "வோட்டு உள்ளவங்க மட்டும் உள்ள போவலாம்." அவள் கடைசிக் குழந்தையை என் இடுப்பில் வைத்துவிட்டு உள்ளே போனாள். வக்கீலுக்காக ஊர் ஊராகப் பேசிய ஆள், மூக்கொழுகும் பிள்ளையோடு வேப்பமரத்தடியில் நிற்பதை எதிர்க்கட்சிக்காரர்கள் ரசித்துப் பார்த்தார்கள். ஒருவன் பிள்ளைக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்தான்.

அவள் வெளியே வந்தாள். முகத்தில் ஒரு தெளிச்சி. வண்டியில் ஏறியதும் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

"வக்கீலுக்குத்தானே போட்டே?"

"இல்லை. கார்ல வந்தவருக்கு."

"நான் யாருக்காக்கும் இத்தனை நாள் அலைஞ்சேன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"பின்னே?"

"அவரு வந்து எங்கிட்ட கேட்டாரு."

"நான் ஊரு பூரா கேட்டேனே!"

அவள் பிள்ளையின் வாயிலிருந்த முறுக்குத் தூளைத் துடைத்துவிட்டாள். கோபமே இல்லாமல்தான் சொன்னாள்.

"எங்கிட்ட கேட்டியளா?"

அந்தத் தேர்தலில் நான் ஏறாத வீட்டு நடை இல்லை. வழியெல்லாம் யோசித்துப் பார்த்தேன். வோட்டு என்ன, கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அவளிடம் எதைப் பற்றியும் கேட்டதாக ஞாபகம் வரவில்லை.