விழிஞ்ஞத்தில் தின்ற நாக்கு

என் மனைவிக்கு நோய் என்று தெரிந்த வாரத்தில் கர்த்தரிடம் ஒரு பொருத்தனை செய்தேன். அவளுக்கு முழுச் சுகம் கிடைக்கும்வரை மாட்டிறைச்சியைத் தொடமாட்டேன் என்று. கேட்பவர்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் நீண்டால், வீட்டு அடுப்பில் இருக்கும் பீஃபை நினைத்து எங்கள் சபைப் போதகரான ஐயர்மேல் எரிச்சல்படுகிற ஆள் நான். அவளிடம் சொன்னபோது சிரித்தாள்.

"கர்த்தருக்கு ஒங்க பீஃப் எதுக்கு? அவருக்கு வேற சோலி இல்லியா?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் சொன்ன வாக்கை மீறவில்லை.

எல்லைப்புறத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குக் கடற்கரை வழி பஸ்ஸில் போய்வருவோம். விழிஞ்ஞத்தில் துறைமுகம் வந்தபிறகு முளைத்த கடைகளில் ஒன்று ஜப்பான் சாப்பாட்டுக் கடை. ஒவ்வொரு முறையும் அவள் ஜன்னல் வழியாக அதன் போர்டை வாசிப்பாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். பீஃப் என்று பெரிதாகப் போட்டிருக்கும்.

அன்று டாக்டர் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டார். இனி மருந்தால் பயனில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல மனுஷர், தன்மையாகத்தான் சொன்னார். எனக்கோ அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, எல்லாம் சரியாகிவிட்டது, இனி இங்கே வரவே வேண்டாம் என்று அவளிடம் சொன்னேன்.

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்பம் ஒங்க பொருத்தனை முடிஞ்சுல்லா?" என்றாள்.

விழிஞ்ஞம் வந்ததும் என் கையைப் பிடித்து பஸ்ஸிலிருந்து இறக்கி, அந்த ஜப்பான் கடைக்குக் கூட்டிப்போனாள். வேண்டாம் என்றால் என் பொய் உடைந்துவிடும். தின்றால், அவளுக்காகக் கேட்டுக்கொண்டிருந்ததை நானே கைவிட்டதாகிவிடும். டாக்டர் கைவிரித்த பிறகு எனக்கு மிச்சமிருந்தது அந்தப் பொருத்தனை ஒன்றுதான்.

கடையில் மேசை நடுவே கரி கனலும் சின்ன இரும்பு அடுப்பு. நாமேதான் சுட்டுக்கொள்ள வேண்டும். அவள் மாட்டு நாக்கு கொண்டுவரச் சொன்னாள். நாக்கு என்றால் அவள் குக்கரில் வேகவைத்து, தோலை உரித்து, நல்லமிளகும் தேங்காய்க் கொத்தும் போட்டுப் பிரட்டி எடுப்பாள். இங்கே மெல்லிசாக அரிந்து உப்பு மட்டும் தடவியிருந்தார்கள். இது எங்கே வேகப்போகிறது என்று முரண்டு பிடித்தேன். அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் இடுக்கியை எடுத்தாள். போட்ட உடனே கொழுப்பு சொட்டிப் புகைந்தது. திருப்பிப் போட்டு எடுத்து என் தட்டில் வைத்தாள்.

"நீ?" என்றேன்.

"எனக்கு வாயெல்லாம் புண்ணுல்லா. நீங்க தின்னுங்க, நான் பாக்கட்டு."

தின்றேன். ருசியாக இருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

"டாக்டர் சொன்னது வெளிய எனக்கும் கேட்டுது," என்றாள், அடுத்த துண்டைத் திருப்பிக்கொண்டே.

வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. பிறகு எதற்காக என்னைத் தின்னவைத்தாய் என்று கேட்டேன். சத்தம் போட்டுவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்து மேசையில் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் போன பெறவு நீங்க இதெத் தொடவே மாட்டிய. சாவுற வர பொருத்தனை பொருத்தனைண்ணு மொகத்தெத் தூக்கி வச்சிட்டு இருப்பிய. ஒங்களெ எனக்குத் தெரியாதா?"

துண்டை என் தட்டில் வைத்தாள்.

"ஆறிப்போவும். தின்னுங்க."

தின்றேன். அவள் சுட்டுப் போட்டதையெல்லாம், அழுதுகொண்டே, தட்டு காலியாகும்வரை தின்றேன்.