ஒன்பதாவது பத்தி

கோவில்பட்டி நீதிமன்றத்துக்கு எதிரே பத்திரம் தட்டச்சு செய்வது என் தொழில். போன வருடம் மரியசெல்வி கடைக்கு வந்தாள். தீப்பெட்டி ஆலை வேலையை விட்டுவிட்டு, எம்.எம்.ஏ. என்கிற கூண்டுச் சண்டையில் ஜெயிக்கத் தொடங்கியிருந்த பெண். போட்டி நடத்தும் சென்னை நிறுவனத்தின் மேலாளரும் உடன் வந்திருந்தார். ஆங்கில ஒப்பந்தத்தை அவளுக்குத் தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னார்.

ஒன்பதாவது பத்தியில் நின்றேன். நிறுவனம் சண்டை தராவிட்டாலும் ஐந்து வருடத்துக்கு அவள் வேறெங்கும் இறங்கக் கூடாது என்றிருந்தது.

"அது எல்லா ஒப்பந்தத்துலயும் இருக்கறதுதான், மேல படிங்க" என்றார் மேலாளர், என்னையே பார்த்தபடி. அந்தப் பார்வைக்குப் பயந்து பக்கத்தைப் புரட்டினேன். அவள் கையெழுத்துப் போட்டாள்.

பத்து மாதமாகியும் நிறுவனம் அவளைக் கூப்பிடவில்லை. பொறுத்துப் பார்த்து வேறொரு போட்டியில் இறங்கினாள். ஒன்பதாவது பத்தியை மீறிவிட்டதாக உடனே நிறுவனத்திடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. அதையும் என்னிடமே கொண்டுவந்தாள்.

"இந்த ஒம்பதாவது பத்தி அன்னைக்கு இருந்துச்சா அண்ணாச்சி? எனக்கு ஞாவகமே இல்ல."

அவள் தன் ஞாபகத்தைத்தான் சந்தேகப்பட்டாள்.

"இருந்துச்சும்மா. நாந்தான் வாசிக்கல."

அவள் நோட்டீஸை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு, "இதக் கோர்ட்டுல சொல்லுவியளா?" என்றாள்.

பிரமாணப் பத்திரத்தை நானே தட்டச்சு செய்து கையெழுத்திட்டேன். மறுவாரம் கடை வாசலில் மேலாளரின் கார் நின்றது. அவர் இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"உங்க பொண்ணு எந்தக் காலேஜ்ல படிக்குது?"

அவர் சிரித்துவிட்டுப் போனார்.

அடுத்த வாய்தாவில் நான் சாட்சி சொல்ல வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது. இத்தனை வருடங்களில் வேறு யார் யாருக்கு எதையெல்லாம் வாசிக்காமல் விட்டேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். எனக்கு நினைவில்லை.