மண்ணுக்குள் போன அம்மணி

என் வீட்டுக்காரர் கோயமுத்தூரில் சர்க்கார் பண்ணையில் பூச்சிகளை ஊசியில் குத்திப் பெட்டியில் வைக்கும் உத்தியோகம் பார்த்தார். சொன்னால் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்புத்தான். ஊரார் காட்டில் பூச்சி பயிரைத் தின்கிறது, எங்கள் வீட்டில் மட்டும் பூச்சி சோறு போடுகிறது என்று அவர் காதுபடவே சொல்வேன்.

பைக்காரா மின்சாரம் வந்து தெருவில் விளக்கு எரியத் தொடங்கிய புதிது. விளக்கடியில் விழுந்து கிடக்கும் பெரிய அந்துப்பூச்சிகளை அவர் பொறுக்கி வந்து அலுத்துக்கொள்வார். முதுகில் மண்டையோடு வரைந்தது போலிருக்கும். கையில் பிடித்தால் கீச்சென்று கத்தும். அதில் இரண்டு இனம் உண்டாம். அடிவயிற்றில் கறுப்புப் பட்டை இருந்தால் ஒன்று, வெறும் மஞ்சளாக இருந்தால் மற்றது. விளக்கில் மோதித் தூள் உதிர்ந்த உடம்பை வைத்து எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. புழுவிலிருந்து வளர்த்த ஒன்று வேண்டும் என்று மேலதிகாரி நச்சரித்துக்கொண்டே இருந்தார்.

அந்தப் புழுவைக் கண்டுபிடித்தவள் எங்கள் மகள். ஆறு வயது. வீட்டுக்குப் பின்னால் அவரைப் பந்தலில், விரல் தடிமனுக்கு, பச்சை உடம்பில் மஞ்சள் கோடுகள் சாய்ந்து, வாலில் ஒரு கொம்போடு இலை தின்றுகொண்டிருந்தது. அவளை அவர் 'அம்மணி' என்றுதான் கூப்பிடுவார். அவள் புழுவை அப்படிக் கூப்பிட்டாள். மண் நிரப்பிய சட்டியில் விட்டு, தானே இலை பறித்துப் போட்டாள். ஒருநாள் நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மண்ணுக்குள் இறங்கத் தொடங்கியது.

"அம்மா, அம்மணி போறேங்குது."

எனக்குச் சுருக்கென்றது. "போறேன்னு சொல்லக் கூடாது கண்ணு. வாரேன்னு சொல்லோணும்."

அவள் சட்டியின் மேல் குனிந்து, "வாரேன்னு சொல்லு, அம்மணி" என்றாள்.

"வரும் கண்ணு," என்றார் அவர். "மண்ணுக்குள்ளயே தூங்கி, றெக்கையோட வரும்."

அந்த வாரமே அவளுக்குக் காய்ச்சல் கண்டது. கஷாயம், டாக்டர், கோனியம்மனுக்கு வேண்டுதல், ஒன்றையும் விடவில்லை. பிள்ளை பிழைக்கவில்லை. சின்னக் குழந்தைகளை எரிக்க மாட்டார்கள், புதைப்பார்கள். பெண்கள் மயானத்துக்கு வரக் கூடாது என்று என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்த வழக்கத்தை வைத்தவன் பிள்ளை பெற்றவனாக இருக்க மாட்டான். துக்கத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, ஒரு வார்த்தை சொல்லாமல் போனார்கள். சாவு வீட்டில் 'வாரேன்' என்று சொல்லக் கூடாதே.

சட்டியை நான் மறந்துவிட்டேன் என்று அவர் நினைத்திருப்பார். நான் தினமும் அதில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். மண்ணுக்குள் போனது திரும்பி வரும் என்று அவர்தானே சொன்னார். பைத்தியக்காரத்தனம்தான், எனக்குத் தெரியாதா? ஆனாலும் என் மனசுக்கு அந்த மண்ணும் அவளைப் புதைத்த மண்ணும் ஒன்றாகிவிட்டது.

ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில், சிறகு காய்ந்து, சட்டி விளிம்பில் அது உட்கார்ந்திருந்தது. ஒரு தூள்கூட உதிரவில்லை. ஆபீஸில் கேட்ட பூச்சி. கொல்லுகிற மருந்து பாட்டில் அலமாரியில் இருந்தது. அவர் கண் அங்கே போனதை நான் பார்த்துவிட்டேன்.

"ஏனுங்க, இதைக் கொன்னுபோட்டீங்கன்னா நான் இந்த ஊட்டுல இருக்க மாட்டேனுங்க."

அவர் அதை இரண்டு விரலால் எடுத்துத் திருப்பினார். அடிவயிறு வெறும் மஞ்சள். எந்த இனம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அது கீச்சென்று கத்தியது. அத்தனை பூச்சிகளை ஊசியில் குத்திய கை அன்றைக்கு அலமாரிப் பக்கம் போகவில்லை.

ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி விரித்தார்.

"வாரேன்னு சொல்லு, அம்மணி" என்றார்.

இன்னொரு முறை அந்தச் சத்தம் கேட்காதா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். துக்கத்துக்கு வந்தவர்கள் போனது போலவே, அதுவும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து, அவரைப் பந்தலைத் தாண்டிப் போய்விட்டது.