சாக மறந்தவன்

தொண்ணூறுகளின் கடைசியில், ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம், திருத்தணியில் எங்கள் தெரு இளைஞர்கள் போட்ட நாடகத்தில் நான் சாக வேண்டும். ராஜாவின் உயிர்த் தோழன் வேடம் எனக்கு. நான் சொன்னதற்கெல்லாம் ராஜா தலையாட்டுவான். நான் கிளப்பிவிட்ட வீண் போரில் சிப்பாய்கள் கொத்துக் கொத்தாய்ச் சாவார்கள். கடைசியில் ஒரு சிப்பாய், நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வந்து கத்தியால் குத்துவான். எப்படி விழுவது என்று ஒரு மாதம் பழகி முட்டியைப் பேர்த்துக்கொண்டேன். நடிப்பில் அவ்வளவு கர்வம் எனக்கு.

சிப்பாய் வேடத்துக்கு எங்கள் பாவாவைப் பிடித்தோம். அக்காவின் வீட்டுக்காரர்; பட்டாளத்தை விட்டு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. "நிஜப் புலி இருக்கும்போது வேஷப் புலி எதுக்குடா?" என்றார் நாடக வாத்தியார். அக்காதான் அதிகம் வற்புறுத்தினாள். ஊர் திரும்பியதிலிருந்து பாவா யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவார். நாலு பேரோடு பழகினால் மனுஷன் பழையபடி ஆகிவிடுவார் என்று நம்பினாள், பாவம்.

ஒத்திகையில் ஒரு குறையும் இல்லை. காலித் தட்டின் முன்னால் நான் உட்காருவேன், அவர் குத்துவார், நான் விழுவேன். ஆனால் எங்கள் தெருவில் பாதிப் பேர் மலைக்கோயில் மடப்பள்ளிக் குடும்பங்கள். மேடையில் ராஜாவே பொய் சொல்லலாம், சோற்றில் பொய் கூடாது. வெறும் தட்டைத் துழாவினால் விசிலடித்தே விரட்டிவிடுவார்கள். அதனால் நாடகத்தன்று இலை நிறையச் சூடான வெண்பொங்கல் வைத்தார்கள்.

நான் ஒரு கவளம் போட்டுக்கொண்டேன். பாவா வந்தார். கத்தியை ஓங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். பொங்கல் பிசைந்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குத்துங்க பாவா," என்று முணுமுணுத்தேன்.

"சாப்டு மச்சான். மொதல்ல சாப்டு."

மைக்கில் ஊருக்கே கேட்டது. கத்தியைக் கீழே போட்டுவிட்டார். கூட்டம் கெக்கலித்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் நானே அதை எடுத்துக் குத்திக்கொண்டு விழுந்தேன். அதற்கும் சிரித்தார்கள்.

திரை மூடியதும் மேடைக்குப் பின்னால் எகிறினேன். "மானத்த வாங்கிட்டீங்களே! பட்டாளத்துல இருந்துகினு கத்தி புடிக்கத் தெரியாதா உங்களுக்கு?"

பாவா முகச்சாயத்தைத் துடைத்தபடி சொன்னார்: "அவனும் சாப்ட்டுகினுதான் இருந்தான் மச்சான். எல்லையில. ஆர்டரு, சுட்டுட்டேன். கிட்ட போய்ப் பாத்தா, கையில இருந்த ரொட்டிய அவன் உடவே இல்ல."

ஒரு மாதமாக இவர் கண்ணெதிரில்தான் தினமும் விழுந்து விழுந்து அழகு பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அதற்குள் அக்கா ஓடி வந்தாள், கூடவே வாத்தியாரும். "என்னாடா ஆச்சு? ஏன் இவுரு குத்தல?" என்று அவள் என்னைத்தான் கேட்டாள். பாவா தலை நிமிரவில்லை.

"அவுரு மேல தப்பு இல்லக்கா. நான்தான் சாகுற எடத்து வசனத்த மறந்துட்டேன். அது வராம எப்படிக் குத்துவாரு? அதான் சாப்டுன்னு சொல்லி சமாளிச்சாரு."

வாத்தியார் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். அதற்குப் பிறகு எந்த வேடமும் கிடைக்கவில்லை. டீக்கடையில் இன்றைக்கும் எனக்கு 'சாக மறந்தவன்' என்றுதான் பேர். கூப்பிட்டால் கூப்பிடட்டும்.