கண்ணாயிரம் கொண்டுபோன பொட்டலம்

ஏட்டு கண்ணாயிரம் பிறவிச் சந்தேகி. வீட்டுப் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போவார், பிறகு திரும்பி வந்து நாலாவது தரமும் இழுப்பார். பால்காரன் கறக்க உட்காருவதற்கு முன்னால் சொம்பைக் கவிழ்த்துக் காட்டச் சொல்வார். கல்யாணமான புதிதில் ரசத்தை முகர்ந்து பார்த்துத்தான் சோற்றில் ஊற்றிக்கொண்டார் என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள். மதுராந்தகத்துக்காரர். போலீசில் சேர்ந்து இருபத்துநாலு வருஷமாகியும் ஏட்டோடு நின்றுபோனதற்கு அந்தக் குணம்தான் காரணம். மேலதிகாரியையும் திருடனைப் பார்க்கிற கண்ணாலேயே பார்த்தால் யார் பதவி உயர்வு கொடுப்பார்கள்?

ஒரு வேலைக்கு மட்டும் அவரை விட்டால் ஆள் கிடையாது. கொலை வழக்கில் சீல் வைத்த பொட்டலம் சென்னையிலிருக்கும் தடய அறிவியல் கூடத்துக்குப் போகவேண்டுமென்றால் இன்ஸ்பெக்டர் ஜானகிராமன் கண்ணாயிரத்தைத்தான் கூப்பிடுவார். மடியில் வைத்த பொட்டலத்தை அவர் கழிப்பறைக்குப் போனாலும் கீழே வைக்க மாட்டார்.

2003-ஆம் வருஷம் சதுரங்கப்பட்டினத்துக்கு வடக்கே சவுக்குத் தோப்பில் மரம் வெட்ட வந்தவர்கள் மணலுக்குள் ஓர் எலும்புக்கூட்டைப் பார்த்தார்கள். பெண்ணின் எலும்பு என்றார் டாக்டர். கால் பக்கத்தில் ஒரு வெள்ளி மெட்டி கிடந்தது. மீன் விற்கும் ஆதியம்மாளின் ஒரே மகள் லோகு எட்டு மாதமாகக் காணாமல் போயிருந்தாள். அவளுடைய புருஷன் சடையன் மீன் வேன் ஓட்டுகிறவன். எவனோடோ ஓடிவிட்டாள் என்று எழுதிக்கொடுத்துவிட்டு மறுநாளே வண்டியை எடுத்தவன். பெண்டாட்டியைக் காணோமென்று ஒருநாள்கூட வேனை நிறுத்தாத புருஷனைக் கண்ணாயிரம் எப்படி நம்புவார்?

"மெட்டி இன்னா சார், மாமல்லபுரத்துல கட கடையா விக்குது" என்றான் சடையன். "அவ எங்கனா சோக்கா கீறா. நீங்க என்ன பேஜார் பண்ணிகினு கீறீங்க."

சந்தேகத்தின் பேரில் அவனை உள்ளே வைத்தார்கள். ஆனால் எலும்பு லோகுவுடையதுதானா என்று தெரிந்தால்தான் வழக்கு நிற்கும். டி.என்.ஏ. சோதனைக்கு கோர்ட்டு உத்தரவிட்டது. தாயின் ரத்தம் வேண்டும். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஆதியம்மாளைக் கண்ணாயிரம்தான் கூட்டிப்போனார். ஊசியைப் பார்த்ததும் அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"இந்த ரத்தத்துல இன்னாலாம் தெரியும் ஏட்டையா?"

"செத்தது உன் பொண்ணா இல்லியான்னு தெரியும். கைய நீட்டு."

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நீட்டினாள். ஊசிக்குப் பயப்படுகிறாள் என்று அவர் நினைத்தார். உலகத்தையே சந்தேகப்பட்ட மனிதர் பெண்ணைப் பறிகொடுத்த தாயைச் சந்தேகப்படவில்லை. அதைப் பிற்பாடு நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

தொடை எலும்புத் துண்டும் ரத்தக் குப்பியும் துணி சுற்றி, அரக்கு வைத்து, கோர்ட்டு முத்திரையோடு அவர் கைக்கு வந்தன. பஸ்ஸில் திருவிடந்தைப் பெருமாள் கோயிலில் கல்யாண வேண்டுதல் முடித்த கும்பல் ஒன்று கழுத்தில் மாலையோடு ஏறி இடித்தது. கண்ணாயிரம் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அத்தனை மாப்பிள்ளைகளையும் முறைத்தார். சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்து, ரசீதை இரண்டு தரம் படித்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

நாலு மாதம் கழித்து அறிக்கை வந்தது. இந்த எலும்புக்குரியவள் ஆதியம்மாள் பெற்ற மகள் அல்ல.

அப்படியானால் செத்தது லோகு இல்லை என்று ஆகிவிட்டது. சடையன் வெளியே வந்தான். தினமும் ஸ்டேஷன் வாசலைத் தாண்டும்போது வேண்டுமென்றே ஹாரன் அடித்துவிட்டுப் போனான். ஜானகிராமன் ஒரு மெமோவை நீட்டினார். பொட்டலம் வழியில் மாறியதா, மாற்றப்பட்டதா, ஒரு வாரத்தில் விளக்கம் தரவேண்டும்.

"எவ்ளோ டப்பு வாங்கனன்னு கேக்கல" என்றார். "அத நீயே எழுதிடு."

ஊரையெல்லாம் பார்த்த அந்தக் கண்ணால் இப்போது ஊர் அவரைப் பார்த்தது. பங்க் கடைக்காரன்கூட ஒரு மாதிரிச் சிரித்தான். அதைவிட மோசம், கண்ணாயிரத்துக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. பஸ்ஸில் கண் அசந்தோமோ? அந்த மாலைக் கும்பலில் எவனாவது கை வைத்தானோ? லீவு போட்டுவிட்டு அதே பஸ்ஸில், அதே ஜன்னலோரம் உட்கார்ந்து சென்னை வரை போய்ப் பார்த்தார். கூடத்தில் ஜெபகுமார் என்ற உதவியாளர் பொறுமையாகப் பேசினார்.

"சீல் உடையலைங்க. கோர்ட்டு தனியா அனுப்பின சாம்பிள் முத்திரையோட ஒத்துப்போச்சு. எந்தப் பிள்ளைக்கும் பாதி தாய்கிட்ட இருந்து வரும், பாதி தகப்பன்கிட்ட இருந்து வரும். அந்தப் பாதி இங்க பொருந்தல. இந்தம்மா பெத்த பொண்ணு இல்ல, எங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

திரும்புகிற வழியெல்லாம் அந்த வார்த்தை அவரைக் குடைந்தது. எலும்பு சரி, ரத்தம் சரி, பொட்டலமும் சரி. அப்புறம் எதுதான் தப்பு? நேரே சதுரங்கப்பட்டினத்துக்குப் போய் மீன் ஏலம் விடுகிற இடத்தில் குந்தினார். லோகுவைப் பற்றி வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டார். ஆதியம்மாளின் பக்கத்து வீட்டுப் பார்வதம் மீனை அலசிக்கொண்டே பதில் சொன்னாள்.

"செல்லம்னா அப்டி ஒரு செல்லம் ஏட்டையா. நாங்க எல்லாப் புள்ளையும் தவுட்டுக்கு வாங்கனதுன்னு சொல்லி அழ வெப்போம், இல்ல? லோகுவ மட்டும் சொல்லக் கூடாது. நான் ஒரு வாட்டி வெளாட்டுக்குச் சொல்லிட்டு வாங்கிக் கட்டிக்கினேன். மீன் குத்தற சுளுக்கிக் கம்பால அடிக்க வந்துட்டா."

கண்ணாயிரம் எழுந்து நின்றுவிட்டார். தமிழ்நாட்டில் தவிட்டுக்கு வாங்கப்படாத பிள்ளை உண்டா? அவரைக்கூட அவர் அம்மா ஒரு மரக்கால் தவிட்டுக்கு வாங்கியதாகத்தான் சொல்வாள். பெற்றவள் அதைச் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்க முடியாதவள் ஒருத்தி இருந்தால் அவளுக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்.

ஆதியம்மாள் வீட்டில் தனியாக இருந்தாள். அவர் சுற்றி வளைக்கவில்லை.

"லோகு நீ பெத்ததா?"

அவள் அழாமல் சொல்லத் தொடங்கினாள். மதுராந்தகத்தில் அப்போதிருந்த ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி. அவளுடைய குழந்தை பிறந்ததும் செத்துவிட்டது. புருஷன் கடலுக்குப் போயிருந்தான். பக்கத்துக் கட்டிலில் ஒருத்திக்கு நாலாவதும் பெண்.

"வேண்டான்னு பேர வெச்சிட்டு, பாலு குடுக்காம சொவுத்தப் பாத்துப் படுத்துகினு கெடந்தா. நான் எடுத்துப் பால் குடுத்தேன். அவ ஒண்ணும் சொல்லல. புடவைல சுத்திக்கினு பஸ் ஏறிட்டேன். எம் புருஷன் சாவற வரிக்கும் அது தன் பொண்ணுன்னுதான் இருந்தான். லோகுக்கும் தெரியாது."

"மொதல்லயே சொல்லி இருக்கலாமே. அவன் வெளிய திரியறான் பாரு."

"நான் பெக்கலன்னு எழுதிக் குடுத்தா அந்த எலும்ப என் கைல குடுப்பாங்களா ஏட்டையா? நீ யாருன்னு கேப்பாங்க. நீங்களே எங்கனா பொதச்சிடுவீங்க. ரத்தத்துல அதெல்லாம் தெரியாதுன்னு நெனச்சேன்."

கொடுப்பார்கள் என்று சொல்லாமல் கண்ணாயிரம் நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். யாருக்கும் எதற்கும் வாக்குக் கொடுத்துப் பழக்கமில்லாதவர். அந்த நேரம் பார்த்து ரோட்டில் சடையன் வேனின் ஹாரன் கேட்டது. ஆதியம்மாளின் முகம் இறுகியது.

"எழுதிக்கோ" என்றாள். "பொதைக்க வுடாங்காட்டி போவுது. அவன் அந்த ஆரன் அடிக்கறத நிறுத்தணும்."

லோகுவுக்கு சுவேதா என்று ஐந்து வயதில் ஒரு மகள், சடையனின் அக்காள் வீட்டில் வளர்ந்துவந்தாள். தாய் யாரென்று எலும்பு சொல்லாவிட்டால், மகள் யாரென்று சொல்லட்டும். ஜெபகுமார் சொன்ன அந்தப் பாதியை இந்தப் பக்கமிருந்து பார்க்கலாமே! சடையன் குதித்தான், வக்கீல் வைத்தான். கோர்ட்டு உத்தரவு வந்தது. குழந்தையின் ரத்தத்தையும் கண்ணாயிரமே கொண்டுபோனார். பஸ்ஸில் இமை கொட்டவில்லை.

இந்த முறை பொருந்தியது. எலும்புக்குரியவள் சுவேதாவைப் பெற்றவள். சடையனைப் பிடித்துவந்த அன்று ஜானகிராமன் மெமோவைக் கிழித்துப் போட்டார். மன்னிப்பு கேட்கவில்லை. கண்ணாயிரமும் எதிர்பார்க்கவில்லை.

எலும்பை உறவினரிடம் ஒப்படைக்கலாமென்று உத்தரவு வர இன்னும் சில மாதங்கள் ஆயின. ஆதியம்மாள் காலையிலேயே வந்து ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். ரைட்டர் பேனாவைக் கடித்தார்.

"உறவுமுறைன்னு இன்னா போடறது அண்ணாத்த? பெத்தவ இல்லன்னு லேப்பே சொல்லிடுச்சி. தத்து எடுத்த பத்திரமும் இல்ல. நாளைக்கு எவனாவது கேட்டா?"

வாழ்நாளில் சாட்சியில்லாமல் ஒரு வரி எழுதியறியாத கண்ணாயிரம் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்தார். 'தாய்' என்று எழுதினார். கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.

"அதுல இன்னா எழுதன?" என்று கேட்டாள் ஆதியம்மாள்.

படித்துக் காட்டினார்.

"அந்தக் காயிதம் வேற மாதிரி சொல்லிச்சே."

"நீ கைநாட்ட வையி."

வைத்தாள். பெரிய கனமில்லை, வெள்ளைத் துணியில் கட்டிய ஒரு மூட்டைதான். பஸ் வரைக்கும் தூக்கிவரலாமென்று கண்ணாயிரம் கை நீட்டினார். அவள் அதற்குள் முந்தானையை விரித்து மூட்டையைச் சுற்றி மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"வேணாம் ஏட்டையா. அன்னிக்கும் நான்தான தூக்கியாந்தேன்."