'ட்ரேஸ்' என்றால் எவ்வளவு?

எட்டாம் வகுப்போடு நின்றவன், இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல வந்திருக்கிறேன். அதிகப்பிரசங்கித்தனம்தான்... பொறுத்துக்கொள்ளுங்கள். வாராவாரம் சிரிக்க ஏதாவது எழுதுவேன். இந்த வாரம் முடியவில்லை.

போன மாதம் என் தங்கை மீனாளைக் காரைக்குடி டாக்டரம்மாவிடம் காட்டினோம். தலைப்பிரசவத்துக்குக் கண்டரமாணிக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். எட்டாம் மாதம். நர்ஸ் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினார். லேசாகக் கலங்கியது. டாக்டரம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "அல்புமின் ட்ரேஸ்" என்றார்.

"அப்படின்னா?" என்றேன்.

"சிறுநீர்ல புரதச்சத்து இறங்குது, ரொம்பக் கொஞ்சம். உப்பைக் குறைங்க. கால் வீங்கினாலோ தலை வலிச்சாலோ உடனே கூட்டிட்டு வாங்க."

உடனே... எங்கள் வீட்டில் பஞ்சாங்கம் சம்மதித்த பிறகுதான் எதுவும் உடனே.

அடுத்த சனிக்கிழமை காலை. மீனாளுக்குக் கால் வீங்கிவிட்டது. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காரைக்குடி எங்களுக்குக் கிழக்கே. சனிக்கிழமை கிழக்கே சூலம் — அந்தத் திசையில் பயணம் ஆகாது. எங்களைப் பெற்ற அய்யா அசையவில்லை.

"தயிரைக் குடிச்சிட்டுக் கெளம்புனா சூலம் ஒண்ணும் செய்யாதுன்னு நீகதானே சொல்வீக?" என்றேன்.

"அது மாடு வாங்கப் போற உனக்குடா. பிள்ளத்தாச்சிக்குச் செல்லாது."

"அண்ணே, ஒரு சட்டித் தயிரையும் குடிக்கிறேன். என்னைய அங்குட்டுக் கொண்டுபோய் விட்ரு" என்றாள் மீனாள். கண் மங்குகிறதாம்.

"டாக்டரம்மாவே ரொம்பக் கொஞ்சம்னுதானத்தா சொன்னாக" என்றார் அய்யா.

எனக்கு எதிர்த்துப் பேச வராது. அந்த 'ட்ரேஸ்' என்ற வார்த்தையாவது கைகொடுக்காதா என்று பக்கத்துத் தெரு வாத்தியாரிடம் ஓடினேன். அவர் அகராதியைப் புரட்டினார். மிகச் சிறிய அளவு என்றுதான் போட்டிருந்தது. ஆனால் அந்த வார்த்தை பிறந்த இடம் வேறாம். மிருகமோ மனுஷனோ நடந்துபோன தடத்துக்குத்தான் முதலில் அந்தப் பெயர்.

திரும்பி வந்து அய்யாவிடம் சொன்னேன்.

"தடந்தானடா. மிருகமா வந்துருச்சு?" என்றார்.

கொஞ்சம் என்றதும் நமக்கு நிம்மதி வந்துவிடுகிறது. எதில் கொஞ்சம் என்று யார் கேட்கிறோம்?

மறுநாள் விடிந்ததும் வாடகைக் காரில் ஏற்றினோம். குன்றக்குடி தாண்டும்போது வலிப்பு வந்தது. பகலில் ஆண் குழந்தை பிறந்தது. மீனாள் சாயங்காலம் இறந்துபோனாள்.